சம்பந்தி வீட்டுக் காரின் பேட்டரி

2019-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பதினாறாம் நாள், புதன்கிழமை. மலைப் பள்ளத்தாக்கில் இருந்த நாரின் நகரத்தின் மேல் வானம் தெளிவாக இருந்தது, காற்று இல்லை, குளிர் பூஜ்யத்திற்குக் கீழே இருபத்தேழு பாகை. நிலக்கரிப் புகை ஒவ்வொரு வீட்டின் மேலும் வளையாமல் நிமிர்ந்து நின்றது. பள்ளத்தாக்கு முழுவதும் பேட்டரிகள் உயிரை விடும் இத்தகைய காலையில், கார்களின் மின்பழுது பார்க்கும் ஜுமாதில் வழக்கமாக உற்சாகத்துடன் இருப்பார். அன்று அவ்வாறு இல்லை. ஏனெனில், ஒரு டிராக்டரின் பின்னால் கயிற்றில் கட்டுண்டு அவருடைய பட்டறை வாசலை நோக்கி வந்துகொண்டிருந்த பழைய ஜெர்மன் கார், அவருடைய மகள் மீரிம் வாழ்க்கைப்பட்ட வீட்டின் கார். அக்குளிர்காலத்தில் அது அவ்வாறு இழுபட்டு வருவது மூன்றாம் முறை.

காரிலிருந்து சம்பந்தி அக்மத்குல் இறங்கினார். சலாம் சொல்லவில்லை. ஆடுமாடு நலமா என்று கேட்கவில்லை. சம்பந்திகளுக்குள் இவற்றைக் கேளாமல் பேச்சைத் தொடங்குவது கன்னத்தில் அறைவதற்கு ஒப்பானது என்பதை இருவருமே அறிவர்.

"நீங்க போட்டுக் குடுத்த பேட்டரி மறுபடியும் செத்துப்போச்சு, சம்பந்தி. அடக்கம் பண்ணத் தூக்கிட்டு வந்திருக்கேன்."

"போன தடவை பாத்தப்போ நல்லாத்தானே இருந்துச்சு."

"உங்க பட்டறைல இருந்தா நல்லாத்தான் இருக்கு. என் வீட்டுக்கு வந்தாதான் படுத்துக்குது. உங்க சாமானுக்கு எங்க சாப்பாடு பிடிக்கல போலிருக்கு."

டிராக்டர்க்காரன் சிரித்தான். ஜுமாதில் அவனைப் பார்த்த பார்வையில் அவன் கயிற்றை அவிழ்க்கும் வேலையில் ஆழ்ந்துவிட்டான்.

"பேட்டரியில குறையிருந்தா இப்பவே புதுசு மாத்தித் தர்றேன்," என்றார் ஜுமாதில். "ஆனா குறை அதுல இல்ல."

"எனக்கும் தெரியும் அதுல இல்லன்னு." அக்மத்குல் குரலைத் தாழ்த்தினார், ஆயினும் டிராக்டர்க்காரனுக்குக் கேட்டது. தாழ்ந்த குரல் கூச்சலைவிடக் கொடியதாக இருந்தது. "உங்க பொண்ணு ராத்திரியில போய் கார்ல உக்காந்துக்கிறா. பாட்டு வைக்கிறா, ஹீட்டர் போடுறா, புருஷன்கிட்ட போன்ல பேசுறா. என் வீட்டுக்காரி சைரகுல் சொல்றா. நான் மூணு தடவை பொறுத்தாச்சு. இன்னையோட சாவி என் பையிலதான் இருக்கும். ஆஸ்பத்திரியில வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிருங்க."

மீரிம் நகர மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிந்தாள். ஆற்றின் அக்கரையில், மலைச்சரிவில் இருந்த அவளுடைய புகுந்த ஊரிலிருந்து விடியற்காலையில் பேருந்து எதுவும் இல்லை. கணவன் மக்சத் ருஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். ஆகவே, அந்தச் சாவி மாமனாரின் பைக்குள் போவதும் அவளுடைய வேலை போவதும் ஒன்றே.

ஜுமாதிலுக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. சென்ற முறை இதே காரைப் பார்த்து ஒன்றும் அகப்படாதபோது, அவரே மகளைத் தொலைபேசியில் அழைத்து, "உண்மையச் சொல்லு, ராத்திரி ரேடியோ கீடியோ போடுறியா?" என்று கேட்டிருந்தார். அவள் பேச்சைத் துண்டித்துவிட்டாள். தாம் ஒருமுறை கேட்ட கேள்வியையே இன்னொருவர் வாயால் கேட்கும்போது உண்டாகும் கோபத்திற்கு இணையான கோபம் வேறில்லை.

"உள்ள தள்ளுங்கடா," என்றார் பட்டறைப் பையன்களிடம்.

அவர் அன்று செய்த சோதனைகள் முறையானவை. பேட்டரியின் முனைகளைத் தேய்த்து, மதியம்வரை சார்ஜில் வைத்தார். பிறகு பளு கொடுத்துப் பார்த்தார், பேட்டரி தளரவில்லை. எஞ்சினை ஓட்டி டைனமோவைச் சோதித்தார். அது வேண்டிய அளவு ஊட்டியது. கடைசியாக, நிறுத்திய வண்டியில் மின்சாரம் எங்கேனும் இரகசியமாகக் கசிகிறதா என்பதை அறிய, மைனஸ் முனைக்கும் அதன் கம்பிக்கும் நடுவே மீட்டரைக் கோத்தார். அதற்கு முன், இருபது ஆண்டுப் பழக்கத்தின்படி, எஞ்சின் அறையின் மூலையில் இருந்த சிறு ஸ்பிரிங் பொத்தானைக் கம்பியால் அழுத்திக் கட்டினார். பானெட் திறந்திருக்கும்போது அப்பொத்தான் மேலெழும்பி, எஞ்சின் அருகே ஒரு சிறு விளக்கை எரியவிடும். அந்த விளக்கு அளவைக் கெடுக்கும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. மீட்டரின் முள் அசைவற்றுக் கிடந்தது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தார். எதை உருவினாலும் முள் அதே இடத்தில் கிடந்தது.

"என்ன, பேய் பிடிச்சிருக்கா?" ஸ்டூலில் உட்கார்ந்து உப்புப் போட்ட பால் தேநீரை உறிஞ்சியபடி அக்மத்குல் கேட்டார்.

"கசிவு இல்ல."

"அப்போ நான் சொன்னதுதான்."

"நீங்க சொன்னது இல்ல."

"கசிவும் இல்ல, நான் சொன்னதும் இல்ல. அப்போ எம் பேட்டரிய ஓநாயா தின்னுச்சு?"

ஜுமாதில் ஸ்பேனரை மேசைமேல் எறிந்தார். "வண்டிய நானே உங்க வீட்டுக்கு ஓட்டிட்டு வர்றேன். அது நிக்கிற இடத்துல வச்சுப் பாக்கணும்."

"வாங்க. போற வழியிலயே யோசிச்சு வச்சுக்குங்க, பொண்ணுகிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு."

ஜுமாதில் வண்டியைப் பாலத்தைக் கடந்து ஊர்வரை ஓட்டினார். முற்றத்தில் கார் நின்றவுடன் அக்மத்குல் கையை நீட்டினார். ஜுமாதில் சாவியை அந்தக் கையில் வைத்தார். அவருடைய வாழ்நாளில் அத்தனை கனமான சாவியை அவர் பிடித்ததில்லை.

சம்பந்தியம்மாள் சைரகுல் வாசற்படியில் நின்று, தேநீர் அருந்த உள்ளே வருமாறு ஒப்புக்கு அழைத்தாள். ஜுமாதில் போகவில்லை. மீரிம் கொட்டகையிலிருந்து வாளியுடன் வந்தாள், தந்தையைப் பார்த்தாள், சலாம் சொன்னாள், வாளியைச் சுவரோரம் வைத்தாள்.

ஜுமாதில் பானெட்டைத் திறந்து, பொத்தானைக் கட்டி, மீட்டரைக் கோத்து, மறுபடியும் அதே சோதனை. அதே முள். அதே அமைதி. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது. விரல்கள் இரும்பில் ஒட்டின.

"முடிஞ்சுதா?" என்றார் அக்மத்குல்.

ஜுமாதில் கம்பியை அவிழ்த்து, பேட்டரியை மாட்டினார்.

"மீரிம், நேரமாச்சு. எஞ்சினப் போத்து," என்றாள் சைரகுல்.

மீரிம் உள்ளே சென்று, அடுப்பின் அருகில் சூடேற்றி வைத்திருந்த கம்பளத்தைச் சுமந்து வந்தாள். ஆட்டு ரோமத்தை அடித்துத் திரட்டிச் செய்த கனத்த கம்பளம் அது. நடுவில் செம்மறிக் கொம்பு வடிவங்கள். விளிம்பைச் சுற்றிலும் இரட்டையாக மடித்து, முறுக்குக் கயிறு வைத்துத் தைத்த கரை. எஞ்சினுக்குக் கம்பளம் போர்த்தாதவர் அந்தப் பள்ளத்தாக்கில் இல்லை. ஆனால் இத்தகைய கம்பளத்தைப் பெண்ணுக்குச் சீராகக் கொடுப்பார்களேயன்றி எஞ்சினுக்குப் போர்த்தமாட்டார்கள்.

"இது எப்போ வந்துச்சு?" என்றார் ஜுமாதில்.

"நானே செஞ்சேன், பனி விழுறதுக்குள்ள முடிச்சேன்," என்றாள் சைரகுல். "முன்னாடி பழைய பட்டாளத்துப் போர்வைதான் கிடந்துச்சு. பிச்சக்காரன் வண்டி மாதிரி."

"பட்டறைக்கு வந்தப்போ ஒரு தடவை கூட நான் இதப் பாக்கலயே."

"பட்டறைக்கு அனுப்புவேனா இத? உங்க ஆளுங்க கிரீஸ் கையத் தொடைக்கவா? வண்டிய இழுக்கறதுக்கு முன்னாடியே எடுத்து உள்ள வச்சிருவோம்."

மீரிம் கம்பளத்தைப் பரப்பி, பானெட்டை இறக்கினாள். அது மூடவில்லை. தூக்கி ஓங்கி அறைந்தாள். கொக்கி முதல் பல்லில் மட்டும் விழுந்தது. அவள் அவ்வளவுடன் விட்டுவிட்டு வாளியை எடுத்துக்கொண்டாள். அன்றாடம் அப்படித்தான் விடுவாள் என்பது தெரிந்தது.

முற்றம் அதற்குள் நன்றாக இருட்டியிருந்தது. ஜுமாதில் தம் கருவிகளை எடுக்கக் குனிந்தார். காரின் முகப்பின் கீழே, பனியின்மேல், மஞ்சள் நிறத்தில் ஒரு கோடு கிடந்தது. அவர் முழங்காலிட்டார். கிரில்லின் கம்பிகளுக்குள்ளே, போர்த்திய கம்பளத்தின் ஓரத்தில், அந்தச் சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கரை தடித்திருந்ததால் பானெட் ஒரு விரற்கடை மேலே நின்றது. பானெட் மேலே நின்றதால் பொத்தான் அழுந்தவில்லை. பொத்தான் அழுந்தாததால் விளக்கு அணையவில்லை. ஒவ்வோர் இரவும், உறைந்து பாதி வலுவிழந்த பேட்டரியை விடியும்வரை அது உறிஞ்சியது. பட்டறையிலோ கம்பளம் இல்லை. பொத்தானையும் அவரே கட்டிவிட்டார். திருடனைப் பிடிக்க வந்து, ஒவ்வொரு முறையும் முதற்காரியமாக அவனைத் தம் கையாலேயே ஒளித்துவைத்திருக்கிறார்.

"சம்பந்தி," என்றார். "இங்க வந்து குனிங்க."

"எதுக்கு?"

"குனிங்கன்னு சொல்றேன்."

அக்மத்குல் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவருடைய முகத்தில் தோல்வி தெரியவில்லை. வேலை தீர்ந்த திருப்தியே தெரிந்தது.

"அவ்வளவுதானா? அந்தப் பல்பக் கழட்டி எறிங்க. வாங்க, டீ குடிக்கலாம்."

"கழட்டினா பேட்டரி பொழச்சுக்கும். எம் பொண்ணு மேல போட்ட பேச்ச எந்த ஸ்பேனர் போட்டுக் கழட்டறது?"

"கோவத்துல ஆயிரம் வரும். அதையெல்லாம் போய்..."

"டிராக்டர்க்காரன் முன்னாடி சொன்னீங்க. ஊரெல்லாம் இப்போ அதத்தான் மென்னுக்கிட்டிருக்கும். தப்புன்னு உங்க வாயால சொல்லுங்க."

"என் முற்றத்துல நின்னுக்கிட்டு எனக்கே உத்தரவு போடுறீங்களா?"

"போடுறேன்."

"அப்பா," என்றாள் மீரிம்.

அவளுடைய குரல் உயரவில்லை. ஆனால் வாளியை அவள் கீழே வைத்த ஓசையில் இருவரும் திரும்பினர்.

"அவரு சொன்னாரு, சரி. நீங்க கேட்டீங்களே, அது? மூணு தடவை வண்டி உங்ககிட்ட வந்துச்சு. ஒரு தடவையாவது எங்கிட்ட, ராத்திரி வண்டிய எப்பிடி நிறுத்துற, எப்பிடி மூடுறன்னு கேட்டீங்களா? கேட்டிருந்தா, பானெட் சரியா உக்கார மாட்டேங்குதுன்னு சொல்லியிருப்பேன். ரேடியோ போடுறியான்னுதானே கேட்டீங்க? ரெண்டு பேரும் ஒரே தராசுதான். அவரு சத்தமா எடை போட்டாரு, நீங்க போன்ல போட்டீங்க."

பகல் முழுவதும் சம்பந்தியின்மேல் மூண்டிருந்த கோபம் திசை திரும்பித் தம் நெஞ்சின்மேலேயே விழுந்ததை ஜுமாதில் உணர்ந்தார். அது தணியவில்லை, இடம்தான் மாறியது.

"பொத்தானக் கட்டினது நான்," என்றார். "அது என் தப்பு. ஒன்னக் கேக்காதது அதவிடப் பெரிய தப்பு."

அக்மத்குல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மலையைப் பார்த்தார். சாவி அவருடைய பையிலேயே இருந்தது.

சைரகுல் வாசற்படியை விட்டு வீட்டினுள் சென்றாள். அவள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்றே மூவரும் நினைத்தனர். ஆனால் அவள் ஆட்டு ரோமம் வெட்டும் பெரிய கத்தரிக்கோலுடன் திரும்பி வந்தாள். எவரையும் பாராமல் பானெட்டைத் தூக்கினாள். கம்பளத்தை உருவிப் பனியின்மேல் எறிந்தாள். அதன்மேல் மண்டியிட்டு, தான் ஓர் இலையுதிர்காலம் முழுவதும் தைத்த கரையை வெட்டத் தொடங்கினாள். ரோமம் கிழியும் ஓசை முற்றம் முழுவதும் கேட்டது.

"ஏய், கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு?" என்றார் அக்மத்குல். "பல்பக் கழட்டினாப் போதும்னு சொல்றேன்ல."

"பல்பு பேசல. நான்தான் பேசினேன்." அவள் வெட்டுவதை நிறுத்தவில்லை. "இவ கார்ல உக்காந்திருந்தத நான் கண்ணால பாக்கல. வெளிச்சம் தெரிஞ்சுது, அதனால அவதான்னு சொன்னேன். அந்த வெளிச்சம் இதுதான்."

"சரி, விடு. உள்ள போய்ப் பேசிக்கலாம்."

"வெளியிலதான சொன்னீங்க, வெளியிலயே முடிச்சுட்டுப் போலாம். சாவியக் குடுங்க."

"காலைல குடுக்குறேன்."

"இப்போ."

அவள் எழுந்தாள். கத்தரிக்கோல் கையிலேயே இருந்தது. அக்மத்குல் மனைவியைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார், பையில் கைவிட்டுச் சாவியை எடுத்தார். மருமகளின் முகத்தைப் பாராமல் அவள் பக்கம் நீட்டினார்.

மீரிம் வாங்கவில்லை.

"சொல்லிட்டுக் குடுங்க, மாமா."

ஆட்டுக் கொட்டகையில் ஒரு குட்டி இருமியது. அக்மத்குலின் தாடை இருமுறை அசைந்தது.

"நீ உக்காரல," என்றார், பற்களுக்கு இடையே. "நாளைக்கு அந்த டிராக்டர்க்காரன்கிட்டயும் சொல்லிர்றேன். போதுமா?"

அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். கரையிழந்த கம்பளத்தைத் தானே எஞ்சின்மேல் விரித்து, பானெட்டை இறக்கினாள். அது ஒரே அழுத்தலில் இரண்டாம் பல் வரை அமர்ந்தது. பனியின்மேல் கிடந்த மஞ்சள் கோடு அணைந்தது. தேநீர் குடிக்க எவரும் எவரையும் அழைக்கவில்லை. மீரிம் தந்தையை நகரத்தில் கொண்டுபோய் விடுவதற்காக ஓட்டுநர் இருக்கையில் ஏறிச் சாவியைத் திருகினாள். எஞ்சின் உறுமி எழுந்தது. அப்போது மணி மாலை ஆறு அடித்துப் பதினேழு நிமிடம்.