ரப்பர் பேண்ட் போட்ட விசை

என் வீட்டுக்காரர் சொன்னது சரி என்று, கல்யாணமான இந்தப் பதினான்கு வருடத்தில் நான் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். எரிச்சலே அதுதான். சொல்லிவிட்டு, நான் ஒப்புக்கொள்கிறேனா என்று ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், அந்தப் பார்வைக்காகவே வாயைத் திறக்க மாட்டேன்.

வாரத்தில் ஐந்து நாள் எனக்கு லிஃப்ட் கம்பெனியில் வேலை. கரண்ட் போனால் லிஃப்ட் கீழே விழாது, பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிரேக் ஒழுங்காகப் பிடிக்கிறதா என்று பார்க்கத்தான் எனக்குச் சம்பளம். மீதி நேரமெல்லாம் வீட்டின் பின்னறையில் ரிமோட் கார்களைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருப்பேன். பழுது பார்க்கக் கொண்டுவருகிறவர்கள் என்னை லிஃப்ட் மேடம் என்பார்கள். அந்தக் கார்களைப் பொம்மை என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று மேசைமேல் இருந்த கார் ஒன்பது கிலோ. ரிமோட்டில் துப்பாக்கிக் குதிரை மாதிரி இருக்கிற விசையை முழுக்க இழுத்தால் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும். பொம்மையாம்.

அது பல் டாக்டருடைய கார். அடுத்தவர் வாயில் துளை போடும்போது கை நடுங்காத மனிதர், என் முன்னால் நின்றால் மட்டும் நடுங்குவார். காரைத் தண்ணீர் தேங்கிய குழியில் இறக்கி ரிசீவரைச் சாகடித்துவிட்டு வந்திருந்தார். காருக்குள் உட்கார்ந்து ரிமோட் சொல்வதைக் கேட்கிற சின்னப் பெட்டிதான் ரிசீவர். ரிமோட்டின் விசையும் பிசுபிசுவென்று ஒட்டியது. போதாததற்கு மோட்டாரில் பேரிங் தேய்ந்திருந்தது. மூன்றையும் சனிக்கிழமை மதியத்துக்குள் முடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துத் தொலைத்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வீட்டுக்காரர் வாசற்படியில் வந்து நின்றார். என் கார்களை வீடியோ எடுத்துப் போடுவது அவருடைய பைத்தியம். சும்மா நின்று எடுக்க மாட்டார். அந்தத் தொப்பையை வைத்துக்கொண்டு தரையில் குப்புறப் படுத்து, முகத்துக்கு முன்னால் போனை நிறுத்தி, கார் நேரே தன்னை நோக்கிச் சீறி வந்து கடைசி நொடியில் திரும்புகிற மாதிரி எடுப்பார். அன்றும் டாக்டரோடு போய் எடுப்பதாக ஏற்பாடு.

"முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சு."

"டப்பா மேல வச்சுப் பாத்துட்டியா?"

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எந்தக் காரும் என் வீட்டை விட்டுப் போகுமுன் காலிப் பெயிண்ட் டப்பாவின் மேல் ஏறி உட்கார வேண்டும். சக்கரம் நான்கும் காற்றில் இருக்கும். காரின் பவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரிமோட்டை அணைக்க வேண்டும். சிக்னல் அறுந்ததும் சக்கரம் அசையாமல் இருந்தால்தான் கார் நல்ல கார். இது நான் போட்ட சட்டம். என் கையெழுத்தில் சுவரில் ஒட்டியிருக்கிறது. அன்று அதைச் செய்யவில்லை. செய்யத்தான் எழுந்தேன், அதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"எனக்கே பாடம் எடுக்காதீங்க. பத்து வருஷமா இதைத்தான் பண்ணிட்டிருக்கேன்."

"பாடம் எடுக்கல. கேட்டேன், அவ்வளவுதான்."

"கேக்குற லட்சணம் தெரியுது. புடிங்க, கிளம்புங்க."

காரையும் ரிமோட்டையும் தூக்கி அவர் கையில் திணித்தேன். அவர் கேட்டார் என்பதற்காகவே நான் பார்க்கவில்லை. இதைப் பூசி மெழுக ஒன்றுமில்லை. அவர் கேட்காமல் இருந்திருந்தால் பார்த்திருப்பேன்.

அவர் போய் இருபது நிமிடம் கழித்து மேசையைத் துடைத்தேன். துணிக்கடியில் இருந்து இரண்டு சாமான்கள் வந்தன. ஒன்று, ரிமோட்டுக்கென்று எடுத்து வைத்த நான்கு புது பேட்டரி. போட மறந்திருக்கிறேன், உள்ளே இருப்பவை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிற பழையவை. சரி, பேட்டரி தீரும்போது ரிமோட் கத்தும், நிறுத்திக்கொள்வார்கள் என்று நினைத்தேன். இன்னொன்று ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட்.

அதைக் கையில் எடுத்து ஒரு நிமிடம் பார்த்தேன். பிறகுதான் காலையில் செய்தது நினைவுக்கு வந்தது.

காலையில் விசைக்குள் மருந்தடித்துக் கழுவினேன். காயட்டும் என்று விசையை முழுக்க இழுத்து, அந்த ரப்பர் பேண்டை மாட்டி வைத்தேன். அது காயும் நேரத்தை வீணாக்குவானேன் என்று புது ரிசீவரையும் ரிமோட்டையும் ஜோடி சேர்த்தேன். ஜோடி சேருகிற அந்த நொடியில் விசை எந்த நிலையில் இருக்கிறதோ, அதை ரிசீவர் மனப்பாடம் செய்துகொள்ளும். பின்னால் எப்போது சிக்னல் அறுந்தாலும் அந்த நிலைக்குத்தான் போகும். விசை சும்மா இருந்தால் கார் நிற்கும். என் விசை ரப்பர் பேண்ட் போட்டு முழுக்க இழுத்துக் கிடந்தது. மோட்டாரைப் பேரிங் மாற்றத் தனியாகக் கழற்றி வைத்திருந்ததால் எதுவும் சுற்றவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

ரிமோட் உயிரோடு இருக்கும்வரை அந்தக் கார் சொன்னபடி கேட்கும். ரிமோட் அணைந்த நொடியில் முழு வேகத்தில் பாயும். அதற்கு நேர் எதிரே என் வீட்டுக்காரர் தரையில் முகத்தை வைத்துப் படுத்திருப்பார்.

அவருக்குப் போன் போட்டேன். போகாது என்று தெரியும். வீடியோ நடுவில் கால் வரக்கூடாது என்று எல்லாவற்றையும் நிறுத்தி வைத்துவிடுவார். டாக்டருக்குப் போட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. குரல் செய்தி ஒன்று அனுப்பினேன். "டாக்டர், வண்டியை உடனே நிறுத்துங்க. எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடுங்க. நான் வர்றேன்."

ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு இரண்டாவது மாடியிலிருந்து இறங்கினேன். முதல் மாடித் திருப்பத்தில் கால் அப்படியே நின்றுவிட்டது.

டாக்டர் எதை முதலில் அணைப்பார்?

ரிமோட்டைத்தான். முதலில் காரை அணையுங்கள், ரிமோட்டைக் கடைசியில் அணையுங்கள் என்று நான் மூன்று தடவை திட்டியிருக்கிறேன். மஞ்சள் காகிதத்தில் எழுதி ரிமோட் முதுகிலேயே ஒட்டியும் கொடுத்திருக்கிறேன். மனிதர் கையில் இருப்பதைத்தான் முதலில் அணைப்பார். ஒருநாள் நான் பக்கத்தில் நின்று, "ரிமோட்டை அணைக்காதீங்க!" என்று கத்தினேன். என் கத்தலில் பயந்து அந்தப் பொத்தானையே அழுத்தினார். பழைய ரிசீவர் ஒழுங்காக இருந்ததால் அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கு என் வாயாலேயே எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

செய்தியை அழித்தேன். கேட்டுவிட்டாரா, கேட்கவில்லையா? தெரியவில்லை. 'ரிமோட்டைத் தொடாதீர்கள், முதலில் காரை அணையுங்கள்' என்று எழுதி அனுப்பினேன். அதையும் அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. படிகளை இரண்டு இரண்டாகத் தாண்டினேன்.

பெரிய சாலை சிக்னலில் சிவப்பு விழுந்தது. தொண்ணூறு நொடி. முன்னால் சரக்கு லாரி, பக்கவாட்டில் பஸ், நுழைய ஊசி முனை இடமில்லை. எண்கள் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டு, ஹெல்மெட்டுக்குள் என்னையே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். ஊர் லிஃப்டுக்கெல்லாம் பிரேக் பார்க்கிறவளாம். வீட்டிலிருந்து போகிற ஒரு காருக்குப் பார்க்கத் துப்பில்லை. பக்கத்து வண்டிக்காரர் என்னைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

அவர்கள் ஓட்டுகிற இடம், மூடிக் கிடக்கிற ஒரு கிடங்கின் பின்னால் உள்ள லாரி நிறுத்தம். சிமென்ட் தரை, சுற்றிலும் ஆள் உயரத்துக்குக் கம்பிவலை. வாசல் அந்தக் கோடியில். நான் வந்து சேர்ந்தது இந்தக் கோடியில். ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு வலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

கார் எனக்குக் குறுக்குவாட்டில் நின்றுகொண்டிருந்தது. அதன் மூக்குக்கு நேரே, பத்தடி தள்ளி, வீட்டுக்காரர் குப்புறப் படுத்திருந்தார். போனைச் சின்ன மணல் பையில் சாய்த்து வைத்து, அதற்குப் பின்னால் முகவாயைத் தரையில் பதித்திருந்தார். காருக்குப் பின்னால் டாக்டர். அவர் கையிலிருந்த ரிமோட் கீக் கீக் என்று கத்திக்கொண்டிருந்தது. பழைய பேட்டரி.

டாக்டர் என்னைப் பார்த்துவிட்டார். ஸ்கூலில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி ரிமோட்டைத் தூக்கிக் காட்டினார்.

"மேடம்! பேட்டரி கத்துது! நீங்க சொன்ன மாதிரியே வண்டியை நிறுத்திட்டேன்! அணைக்கத்தான் போறேன்!"

கட்டைவிரல் பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்தது.

வேண்டாம் என்று கத்த வாயெடுத்தேன், அப்படியே மூடிக்கொண்டேன். நான் கத்தினால் அவருக்குக் கத்தல் மட்டும்தான் கேட்கும், விரல் தானாக அழுத்தும். அவர் அழுத்தாவிட்டாலும் அந்தப் பேட்டரி இன்னும் ஒரு நிமிடம் தாங்கினால் அதிகம். டாக்டரை நம்பிப் பிரயோசனம் இல்லை. எதிரே கிடக்கிற மனிதர் எழுந்தாக வேண்டும்.

"என்னங்க! எழுந்திருங்க!"

அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. ஒரு கையை மட்டும் என் பக்கமாக ஆட்டினார். வீடியோ ஓடுகிறது, சும்மா இரு என்று அர்த்தம். மதியச் சண்டையின் மிச்சத்தைப் போட வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். தப்பு அவர்மேல் இல்லை. நான் வேறு எதற்கு வந்திருக்கிறேன், இத்தனை வருடத்தில்?

ரிமோட் கத்துவது வேகமானது.

என்ன சொன்னால் இந்த மனிதர் எழுந்து என் பக்கம் வருவார் என்று யோசித்தேன். யோசித்தேன் என்பதுகூடப் பொய். அது பதினான்கு வருடமாகத் தொண்டையிலேயே கிடந்தது, தானாக வந்தது.

"நீங்க சொன்னதுதான் சரி!"

தலை தூக்கினார்.

"என்னது?"

"நீங்க சொன்னதுதான் சரின்னு சொன்னேன்! நான்தான் தப்பு! இங்க வந்து கேளுங்க!"

முகம் முழுக்கச் சிரிப்பு. முழங்காலில் கையூன்றி, தொப்பையைச் சேர்த்துத் தூக்கி எழுந்தார். போனை அங்கேயே விட்டுவிட்டு வலைப் பக்கமாக நடந்து வந்தார். ஓரடி. ஈரடி. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"டாக்டர், கேட்டீங்கல்ல? நீங்கதான் சாட்சி," என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார். நாலடி. ஐந்தடி.

படப்பிடிப்பு முடிந்தது என்று நினைத்து டாக்டர் பொத்தானை அழுத்தினார்.

ஒரு நொடி ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு மோட்டார் ஊளையிட்டது. ஒன்பது கிலோவும் ஒரே எம்பாக எம்பி, மணல் பையைச் சிதறடித்து, போனை நசுக்கி, அவர் படுத்திருந்த இடத்தின் மேலே ஏறி ஓடி, கோடியில் இருந்த சிமென்ட் தூணில் மோதியது. கழன்ற சக்கரம் ஒன்று தானாக உருண்டு வந்து, வட்டம் போட்டு, படுத்துக்கொண்டது.

டாக்டர் ரிமோட்டை என் பக்கம் தூக்கிக் காட்டினார். "நான் ஒண்ணுமே பண்ணல மேடம். ஆஃப்தான் பண்ணேன். சத்தியமா ஆஃப்தான் பண்ணேன்."

"உங்க மேல தப்பில்ல, டாக்டர். விசையில ரப்பர் பேண்டை மாட்டி வச்சுட்டு ஜோடி சேத்தேன். டப்பா மேல வச்சுப் பாக்கல. எல்லாம் நான் பண்ணது."

வீட்டுக்காரர் திரும்பி நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிமென்ட்டில் படிந்திருந்த தூசியில் அவர் படுத்த தடம் அப்படியே இருந்தது. தொப்பை பெரிய வட்டமாக, முழங்கைகள் இரண்டு சின்னக் குழிகளாக, முகவாய் ஒரு புள்ளியாக. முகவாயிலிருந்து தொப்பை வரைக்கும் கறுப்பாக டயர் தடம் ஓடியது.

பிறகு மெதுவாக வலைக்குப் பக்கத்தில் வந்தார். அந்த ஓரக்கண் பார்வை இப்போது வரும், வரட்டும், ஆயுள் முழுக்கச் சொல்லிக்காட்டட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அது வராததுதான் எனக்குத் தாங்கவில்லை. வலையோரத்தில் ஹெல்மெட்டோடு நின்று அழுதேன்.

"சட்டையெல்லாம் அழுக்கு," என்றார் அவர். "வீட்டுக்குப் போய்த் திட்டாத."

கம்பிவலைக்குள் கையை விட்டு அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டேன். வாசல் அந்தக் கோடியில் இருந்தது. சுற்றிக்கொண்டு உள்ளே போக வேண்டுமென்றால் விரலை விட வேண்டும். நான் விடவில்லை.