விமானம் வராத வருடம்

எங்கள் அண்ணி நகராட்சி இசைக்குழுவில் இருபத்தொன்பது வருடமாகக் கிளாரினெட் வாசிக்கிறார். நான் அதே குழுவில் பெரிய டிரம் அடிக்கிறேன். அவரை என் அண்ணனுக்குப் பார்த்துக் கட்டிவைத்ததே நான்தான். நாத்தனாரே தேடிப் பிடித்த அண்ணி என்று குழுவில் இன்றைக்கும் கேலி பேசுவார்கள். பேசட்டும்.

தேசிய தினத்தன்று அணிவகுப்பு முடிந்ததும் மைதானத்தில் விழாப் பாட்டை வாசிப்பது நாங்கள். பாட்டின் நடுவில் ஓர் இடம் வரும். மற்ற வாத்தியங்கள் எல்லாம் வாயை மூடிக்கொள்ள, அண்ணி மட்டும் தனியாக அரை நிமிடம் வாசிக்க வேண்டும். அந்த அரை நிமிடம் பார்த்துத்தான் விமானங்களை விடுவார்கள். அண்ணி முதல் சுரத்தைத் தொட்டிருப்பார், தலைக்கு மேல் ஐந்து விமானங்கள் காதைக் கிழித்துக்கொண்டு போகும். கூட்டம் முழுக்க அண்ணாந்துவிடும். அண்ணியின் விரல்கள் அசைவது மட்டும் எனக்குத் தெரியும்.

அண்ணன் வருடம் தவறாமல் வந்து மூன்றாவது வரிசையில் நிற்பார். முடிந்ததும், "இன்னைக்கு விமானம் ரொம்ப நல்லா வாசிச்சுது" என்பார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் ஆகியும் அந்த அரை நிமிடத்தை அவர் கேட்டதே இல்லை. வீட்டிலும் வாசிக்க வழியில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் இரவுப் பணிக்குப் போய்விட்டுப் பகலெல்லாம் தூங்குகிறவர்; இரவில் வாசித்தால் தெருவே எழுந்துவிடும்.

இந்த வருடம் எரிபொருள் சிக்கனம், விமானம் கிடையாது என்று அறிவிப்பு வந்தது. அண்ணிக்கு அந்த மாதக் கடைசியில் ஓய்வு. விட்டால் இனி வாய்ப்பே இல்லை. அண்ணி சீருடையை இரண்டு தடவை இஸ்திரி போட்டார். அண்ணனிடம், "நாளைக்குக் காதை நல்லா கழுவிட்டு வாங்க" என்றார். அவர் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை.

விழா அன்று காலை, மேடைக்குப் பின்னால் நாங்கள் வாத்தியங்களைத் துடைத்துக்கொண்டிருந்தோம். விழா அலுவலர் ஒரு துணிப்பையுடன் வந்தார். வாயைத் திறந்தால் சுத்தம், சுத்தம் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சுத்தம் சார்.

"டிரம்பெட்காரங்க மவுத்பீஸைக் கழட்டி இதுல போடுங்க. கிளாரினெட்காரங்க ரீடைக் கொடுங்க."

ரீட் என்பது கிளாரினெட்டின் வாயில் பொருத்துகிற மெல்லிய நாணல் சீவல். அது இல்லாவிட்டால் கிளாரினெட் வெறும் குழாய்.

"எதுக்கு சார்?" என்றேன்.

"டிவியில நேரலை போகுதும்மா. பாட்டை ஸ்பீக்கர்லயே போட்டுடுறோம். நீங்க வாசிக்கிற மாதிரி நின்னா போதும். பழக்கதோஷத்துல யாராவது ஊதிட்டா அசிங்கம். சுத்தமா இருக்கணும்."

"நிக்கிறதுக்கா மூணு மாசம் ஒத்திகை பாத்தோம்?"

"விரல் அசையுறது சரியா இருக்கணும்ல? அதுக்கும் ஒத்திகை வேணும்ல?"

எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனிதர் என் டிரம் கோலை வாங்கி, அடிபட்ட கைக்குக் கட்டுப்போடுவது மாதிரி, அதன் தலையில் பஞ்சைச் சுற்றிக் கொடுத்தார். பேண்ட் மாஸ்டரைப் பார்த்தேன். குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். நியாயம் கேட்க வேண்டிய நேரத்தில் எல்லாம் அவருக்கு ஷூ லேஸ் அவிழ்ந்துவிடும். அண்ணி ரீடைக் கழற்றிப் பையில் போட்டார்.

"உங்க அரை நிமிஷத்தை மெஷின் வாசிக்கப் போகுது. உங்களுக்குக் கோபமே வராதா அண்ணி?"

"எனக்கும் சேர்த்துத்தான் நீ படுறியே."

அவர் கையில் ஒரு கைக்குட்டை கசங்கிக் கிடந்தது. தொட்டுப் பார்த்தேன், ஈரம். எனக்குத் தெரியாமல் அழுதிருக்கிறார் என்று நினைத்தபோது சுத்தம் சாரின் பையைப் பிடுங்கிச் சாக்கடையில் வீசலாம் போலிருந்தது.

பாட்டு ஆரம்பித்தது. இருபது பேர் கன்னத்தை உப்பிக்கொண்டு வெட்கங்கெட்டு நின்றோம். நான் பஞ்சுக் கோலால் டிரம்மைத் தடவிக்கொடுத்தேன். அண்ணியின் இடம் வந்தது. அவர் கிளாரினெட்டைத் தூக்கினார். ஸ்பீக்கரில் முதல் சுரம் கேட்டது.

அடுத்த நொடி, அதே ஸ்பீக்கரில் ஐந்து விமானங்கள் உறுமின.

சுத்தம் சார் போட்டது போன வருட ஒளிபரப்பிலிருந்து எடுத்த பாட்டு. முதல் பத்து வினாடி கேட்டுப் பார்த்துவிட்டுச் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். கூட்டம் முழுக்க அண்ணாந்தது. வானத்தில் ஒன்றுமில்லை. "அதோ, அதோ!" என்று ஒருவர் காட்டினார். அது காக்கை. மேடையில் தலைமை விருந்தினர் விறைப்பாக நிமிர்ந்து, காலி வானத்துக்குச் சல்யூட் வைத்தார். அவர் வைத்ததால் மேடையே வைத்தது.

வராத விமானத்தைக் கொண்டுவந்தாவது இவள் வாயை அடைப்போம் என்று கங்கணம் கட்டிக்கொண்டார்களா? நான் கோலைக் கீழே போட்டுவிட்டேன்.

பாட்டு முடிந்தது. தலைமை விருந்தினர் கையை இறக்கவில்லை. சத்தம் கேட்டதே, விமானம் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். இல்லை என்று அவரிடம் சொல்ல மேடையில் ஒருவருக்கும் தைரியம் இல்லை. இருமினால்கூடக் கேட்கும்படி மைதானம் அமைதியாகிவிட்டது.

அப்போது அண்ணி கைக்குட்டையைப் பிரித்தார். உள்ளே ஒரு புது ரீட் இருந்தது. புது ரீடை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்திருப்பது அவர் வழக்கம். பையில் போட்டது பழையது. பதறாமல் அதைப் பொருத்தி, திருகை முடுக்கி, வாயில் வைத்தார்.

வாசித்தார். அரை நிமிடம், ஒரு சுரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒலிபெருக்கி கிடையாது, ஆனாலும் கடைசி வரிசை வரை கேட்டது. அண்ணாந்திருந்த தலைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. பக்கத்தில் நின்று இத்தனை வருடம் டிரம் அடித்த நானே விழாவில் அதைக் கேட்டது அன்றுதான். எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருடம் இதைக் கேட்கவிடவில்லையே என்ற கோபம் இன்னும் போகவில்லை.

வெளியே வந்தபோது அண்ணன் வாசலில் நின்றிருந்தார். கேலி ஏதும் பேசவில்லை.

"இதையா வருஷா வருஷம் வாசிச்சே?"

"ஆமா."

"நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும்" என்றார்.

மூன்றாம் நாள் அண்ணிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. "அனுமதியின்றி விழாவில் ஒலி எழுப்பியது ஏன்?" இல்லாத விமானத்தைப் பறக்கவிட்டவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் நாலு பக்கத்துக்கு எழுதித் தருகிறேன் என்று குதித்தேன். அண்ணி என்னை உட்காரச் சொல்லிவிட்டு, அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"ஐயா, இருபத்தொன்பது வருடமாக அதே இடத்தில் அதே ஒலியைத்தான் எழுப்பி வருகிறேன். இதுவரை ஒருவரும் ஆட்சேபம் தெரிவித்ததில்லை."