ஆயில் துவாரத்துத் துணி

வண்டி ஓடியது மொத்தம் பதினோரு நிமிடம். அதைக் கட்டுவதற்கு ஆனது பதினான்கு மாதம்.

ஜாவாவில் செப்பெர் என்கிற ஊரில் தெருவுக்கு இரண்டு வார்ப்புப் பட்டறை இருக்கும். வாசிஸ் அவற்றில் ஒன்றில் மணல் அச்சு பிடிக்கிற வேலை பார்த்தான். அவனுடைய அக்கா ரெத்னோவின் கணவர் பெயர் பஹ்ரும்; பக்கத்து நகரமான கிளாத்தெனில் லாரிகளுக்கு இன்ஜின் பிரித்துப் பூட்டுகிறவர். சுமத்ராவிலிருந்து வந்தவர் என்பதால் அவரை எல்லாரும் அவர் ஊர் வழக்கப்படி 'பாங்', அதாவது அண்ணன், என்றே கூப்பிட்டார்கள். மனதில் பட்டதை உரக்கச் சொல்லிவிட்டு, உடனே மறந்தும்விடுகிற மனிதர்.

ஜாவாக்காரர்களின் ஒரே ஒரு வார்த்தைதான் அவருக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. 'இங்கிஹ்.' பெரியவர்களிடம் சொல்கிற 'சரிங்க' அது. சம்மதம் என்பதற்கும் அதுதான். நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, அவ்வளவுதான் என்பதற்கும் அதுவேதான். பெண் கேட்டு வந்த அன்று ரெத்னோவின் அம்மா தலையைக் குனிந்து 'இங்கிஹ்' என்றாராம். பஹ்ரும் அன்று மாலையே ஊருக்குப் போன் போட்டு, கல்யாணம் முடிவாகிவிட்டது என்று சொல்லிவிட்டார். உண்மையான சம்மதம் வருவதற்கு அதன் பிறகு ஏழு மாதம் ஆனது.

"ஆமாவா இல்லையா, ரெண்டுல ஒண்ணு சொல்லு. உங்க ஊர்ல இல்லைங்கிறதுக்கு வார்த்தையே கிடையாதா?" என்பார் வாசிஸிடம்.

"இருக்கு பாங். நாங்கதான் சொல்றதில்ல."

வண்டி பழைய இருநூறு சிசி ஒற்றை சிலிண்டர் பைக். டர்போவைப் பழைய இரும்புக் கடையில் பிடித்தார்கள், ஏதோ குட்டிக் காரிலிருந்து கழற்றியது. புகை வெளியேறும் வேகத்தில் ஒரு சிறு விசிறி சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற விசிறி காற்றை இன்ஜினுக்குள் திணிக்கும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற அந்தத் தண்டுக்கு ஆயில்தான் உயிர். புகைக்குழாயை வாசிஸ் தானே அச்சுப் பிடித்து வார்த்தான். தண்டு சுற்றுகிற வெண்கலப் புஷ் தேய்ந்திருந்தது. அதைப் பஹ்ரும் தன் சின்ன லேத்தில் புதிதாகக் கடைந்தார். பைக் கட்டிப் பழகியவர்களிடம் வாங்கிய அளவுகளை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, மூன்று புஷ்ஷைக் கடைந்து எறிந்து, நான்காவதைத்தான் மாட்டினார்.

"இது ஓடிச்சுன்னா லாரி வேலைய விட்டுடுவேன். இங்கேயே பட்டறை. போர்டுல உன் பேரும் இருக்கும். சின்னதா, கீழ ஓரமா" என்றார்.

"எழுத்து கூட்டிப் படிக்கிற அளவுக்காவது போடுங்க பாங்."

யோக்யாவில் நடக்கவிருந்த பந்தயத்துக்குப் பெயரும் கொடுத்தாயிற்று. ரெத்னோ முன்சுவரில் பலகைக்கு இடம் பார்த்து, அங்கே தொங்கிய காலண்டரைக் கழற்றிவிட்டாள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. குழாய்களை எல்லாம் கடைசியாகப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் கிரைண்டர் ஓட்டும்போது இரும்புத்தூள் விழக்கூடாதென்று டர்போவின் ஆயில் துவாரத்தில் ஒரு துணிக் கிழிசலை உள்ளே தள்ளித் திணித்திருந்தார்கள். வாசிஸின் பழைய கைலியின் ஓரம், நீலக் கட்டம் போட்டது. வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடி பஹ்ரும் கேட்டார்.

"துணிய எடுத்தியா?"

"இங்கிஹ், பாங்."

இனிமேல் எடுக்கிறேன் என்கிற அர்த்தத்தில்தான் சொன்னான். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் ஆட்களைக் கூப்பிடுகிற மரக்குழலைத் தட்டினார்கள். சாக்கடை தூர்வாரும் முறை இவர்கள் தெருவுக்கு. வீட்டுக்கு ஒரு ஆள் போகாவிட்டால் அடுத்த கூட்டத்தில் பெயரைச் சொல்லிக் காட்டுவார்கள். வாசிஸ் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினான். ஒன்றரை மணி நேரம் கழித்து முழங்கால்வரை சேற்றோடு அவன் திரும்பியபோது, பஹ்ரும் ஆயில் டியூபைப் பூட்டி முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தார். துணியின் நினைவே அவனுக்கு வரவில்லை.

நான்கு நிமிடம் நின்ற இடத்தில் ஓடியது. பிறகு பஹ்ரும் கால்வாய்ச் சாலையில் எடுத்துப் போனார். வாசிஸ் மதகின் மேல் நின்று பார்த்தான். வண்டி போன வேகத்தை விட அவனைப் பிடித்தது அந்தச் சத்தம்தான். வழக்கமான உறுமலுக்கு மேலே மெல்லிய விசில் ஒன்று ஏறிக்கொண்டே போயிற்று. வயலில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஏழாவது நிமிடம் விசில் அறுந்தது. இரும்பு உரசுகிற ஒரு அலறல், பிறகு கரும்புகை. பஹ்ருமுக்கு முழங்கை சிராய்ந்ததோடு சரி. உடைந்த விசிறியின் துண்டுகளை இன்ஜின் விழுங்கியிருந்தது.

மறுநாள் டர்போவைப் பிரித்தது வாசிஸ். பஹ்ரும் வேலைக்குப் போயிருந்தார். ஆயில் டியூபைக் கழற்றியதும் துவாரத்துக்குள் நீலக் கட்டம் தெரிந்தது. துணி இத்தனை நேரமும் ஆயிலைச் சொட்டுச் சொட்டாகக் கசியவிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஓரம் கருகி, குறடால் இழுக்க முழுதாகவே வந்தது. எடுத்த கையோடு சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

மாலையில் பஹ்ரும் தண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புஷ் உருகித் தண்டோடு ஒட்டிக் கிடந்தது.

"ஆயில் டியூபப் பாத்தியா?"

"இங்கிஹ்."

பார்த்தது உண்மைதான். பொய் சொல்லவில்லை. அடைப்பு இருந்ததா என்று அவர் அடுத்துக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று வாசிஸ் பல நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவர் கேட்கவில்லை.

"அப்போ புஷ்தான். இடைவெளி கம்மியா கடைஞ்சிருக்கேன். லாரிக் கையி, இந்த நுணுக்கமெல்லாம் வராது" என்றார். உரக்கப் பேசுகிற மனிதர் அன்று அதை மெதுவாகச் சொன்னார்.

இரண்டு மாதத்தில் கலிமந்தான் தீவில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் டம்பர் லாரி ஓட்டப் போய்விட்டார். ரெத்னோவும் கூடப் போனாள். பழுது பார்க்கிற வேலையும் அங்கே கிடைத்ததாம், இவர்தான் வேண்டாம் என்றாராம். "ஓட்டுறதுன்னா போதும். கையி வேணாம், காலு போதும்" என்று போனில் சிரித்தார். வாசிஸும் சிரித்தான்.

மூன்று வருடம். ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் போனில் மன்னிப்புக் கேட்டான், வழக்கமான வாசகத்தில்: தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையெல்லாம் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வாசகத்தில் எல்லாப் பிழையும் அடங்கும். எந்தப் பிழையும் பெயர் சொல்லி வராது.

இந்த வருடம் அவர்கள் நேரில் வருவதாக இருந்தது. நோன்பு தொடங்கிய வாரம் பஹ்ரும் போன் செய்தார்.

"அந்த லேத்த ஒருத்தன் கேக்கிறான். சும்மாதானே துருப்பிடிக்குது. வித்துடட்டுமா?"

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். வாசிஸ் கொல்லைக் கொட்டகையில், லேத்தின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, "இங்கிஹ்" என்றான். சனிக்கிழமை ஆள் வந்தபோது வண்டியில் ஏற்றவும் கை கொடுத்தான்.

பெருநாள் காலையில் பஹ்ரும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, வாசிஸ் மண்டியிட்டு அவர் கையைப் பற்றி வாசகத்தைச் சொன்னான். "எல்லாத்தையும் மன்னிச்சாச்சு, எழுந்திரு, பசிக்குது" என்றார் அவர். ரெத்னோ ஓலைப்பொதியில் வெந்த கெத்துப்பாட்டுச் சோற்றை அறுத்துக் கோழிக் குழம்பு ஊற்றினாள்.

மதியம் அவரைக் கொட்டகைக்குக் கூட்டிப் போனான். வண்டியின் மேல் கிடந்த தார்ப்பாயை விலக்கினான். உடைந்த டர்போவைப் பக்கத்திலேயே தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தான். அதற்குள்ளிருந்து துணியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான்.

"இது ஆயில் துவாரத்துல இருந்துச்சு பாங். நான் எடுக்கல. மறுநாள் பிரிக்கும்போது எடுத்து ஒளிச்சு வச்சுட்டேன்."

பஹ்ரும் துணியை விரித்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"எடுத்தியான்னு கேட்டேனே."

"கேட்டீங்க."

"நீ இங்கிஹ்னியே."

"எடுக்கிறேங்கிறதுக்குச் சொன்னேன் பாங்."

அவர் டப்பாவிலிருந்து தண்டை எடுத்தார். ஒட்டிக் கிடந்த வெண்கலத்தின் மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை.

"அப்போ புஷ் சரியாத்தான் இருந்திருக்கு."

"சரியாத்தான் இருந்துச்சு."

"மூணு வருஷமா நான் ஒரு ஸ்பேனரத் தொடல, தெரியுமா உனக்கு? அங்க வண்டி நின்னு போச்சுன்னா கூட இறங்க மாட்டேன். உள்ளயே உக்காந்திருப்பேன்." தண்டைக் கையில் உருட்டினார். "லேத்த விக்கட்டுமான்னு போன மாசம் கேட்டேன். அப்பவும் அதத்தானே சொன்ன."

வாசிஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். லேத் இருந்த இடத்தில் நான்கு காலின் தடமும் சிமெண்டில் துருவாகப் பதிந்திருந்தது.

"காலையில மன்னிச்சாச்சுன்னுட்டேன். எதுக்குன்னு தெரியாமலே. அத இப்ப திரும்ப வாங்கிக்க வழி இருக்கா உங்க வழக்கத்துல?"

கேலி போலத்தான் இருந்தது. ஆனால் அவர் பதிலுக்குக் காத்திருந்தார்.

"இல்ல பாங்" என்றான் வாசிஸ்.

பஹ்ரும் நிமிர்ந்து பார்த்தார். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவர் கேட்பது அதுதான் முதல்முறையாக இருக்கும். தண்டைத் துணியில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

"வேற லேத் பாக்கறேன் பாங். என் செலவுல. மறுபடியும் கட்டலாமா?"

வாசலில் ஒரு கணம் நின்றார். திரும்பவில்லை.

"இங்கிஹ்" என்றார்.

பிறந்ததிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டு வளர்ந்தவன் வாசிஸ். யார் சொன்னாலும் அது எந்த 'இங்கிஹ்' என்று குரலை வைத்தே பிரித்துவிடுவான். அன்று அவனால் முடியவில்லை. நான்காம் நாள் அவர்கள் கப்பலேறிப் போனார்கள். தண்டை அவர் எடுத்துப் போனாரா, அக்கா துணி துவைக்கும்போது எடுத்து எறிந்தாளா என்பதை வாசிஸ் கேட்கவில்லை.