ஈயச்சொம்புக் குண்டுகள்

என் அக்கா மர்கரீத்தின் வலது மணிக்கட்டு உடைந்தது ஜனவரியில், லா சப்பல் மெட்ரோ படிக்கட்டில், உறைந்த தண்ணீரில் வழுக்கி. வசந்தத்தில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். எலும்பு கூடிவிட்டது, இனி எழுதலாம், சமைக்கலாம், தபால் நிலையத்தில் வேலை பார்க்கலாம் என்றார் மருத்துவர். நாற்பத்துநாலு காலிபர் ரிவால்வர் சுடலாமா என்று இவள் கேட்டாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இவளை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

செவ்ரானுக்கு அப்பால் இருக்கும் ஒரு துப்பாக்கிச் சுடும் கிளப்பில் அக்கா உறுப்பினர். பெரிய காலிபர் ரிவால்வருக்கான ஏக்கிப்பில், அதாவது கிளப்பின் அணியில், மூன்று பேருக்கு இடம். மூன்று வருடமாக அதில் ஒன்று அவளுடையது. அவள் கட்டுப் போட்டிருந்தபோது அந்த இடம் காலியாகவே கிடந்தது. ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தகுதிச் சுற்று வைத்தார்கள். கிளப் கேட்கும் புள்ளியை எடுத்தால் இடம் திரும்பக் கிடைக்கும். இல்லாவிட்டால் வேறொருவருக்குப் போகும்.

"சின்ன காலிபருக்கு மாறிக்கொள்ளுங்கள் மதாம், பெண்களின் கைக்கு அதுதான் ஏற்றது" என்றார் தெல்மா என்ற மனிதர், கிளப்பின் பொருளாளர். அக்கா வீட்டுக்கு வந்து அதைத் தமிழில் எனக்குச் சொன்னாள். தமிழில் சொல்லும்போது தெல்மாவின் பெயருக்கு முன்னால் ஒரு வார்த்தை சேர்ந்திருந்தது. அதை இங்கே எழுத முடியாது.

கடையில் விற்கும் நாற்பத்துநாலு தோட்டாவில் குண்டு பதினைந்து கிராமுக்கு மேல் இருக்கும். அதன் உதை தோள்வரை ஏறும். ஒரு சுற்று முடிவதற்குள் அக்காவின் விரல்கள் தாமாகவே விரிந்தன. துப்பாக்கியை மாற்ற அவள் சம்மதிக்கவில்லை. மிச்சமிருந்தது தோட்டாவை மாற்றுவது. பன்னிரண்டு கிராமுக்குக் குறைவான குட்டைக் குண்டை நாமே ஈயத்தில் வார்க்க வேண்டும். அதற்கேற்ற அளவில் வெடிமருந்து போட்டு, சுட்ட பழைய தோட்டாக் கூட்டிலேயே மறுபடி பூட்டவேண்டும். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

நான் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, இரண்டாம் ஆண்டில் நின்றுவிட்டவன். அதற்குச் சொல்ல ஒரு காரணமும் இல்லை. ஒபர்வில்லியேயில் ஒரு மொத்த வியாபாரக் கிடங்கில் இரவு வேலை. பக்கத்தில் டயர் மாற்றும் கடை. சக்கரத்தில் ஒட்டும் பழைய ஈயத் துண்டுகளை அவர்கள் வாளியில் போட்டு வைப்பார்கள். வாளியோடு தூக்கி வருவேன். காலையில் அக்கா வீட்டு முற்றத்தில் கேஸ் அடுப்பை வைத்து உருக்குவேன். என்ன செய்கிறீர்கள் என்று கட்டடக் காவல்கார அம்மாள் கேட்டாள். தூண்டிலுக்கு எடை என்றேன். எங்கே மீன் பிடிக்கிறீர்கள் என்றாள். செவ்ரானில் என்றேன். அங்கே கால்வாய் இருப்பதால் பொய் நின்றது.

குண்டு சரியாக வரவில்லை. ஈயம் அச்சின் மூலைவரை ஓடிப் போய் நிற்காமல் பாதியிலேயே உறைந்தது. குண்டின் அடிவிளிம்பு, தேய்ந்த சோப்புக் கட்டியைப் போல வழுவழுவென்று இருந்தது. குண்டுக்கு மூக்கு கோணினால்கூடப் பரவாயில்லை, அடி கோணினால் குழாயை விட்டு வெளியேறும் கணத்தில் அது எங்கேயோ பார்த்துக்கொண்டு போகும். மே மாதச் சோதனையில் மூன்று குண்டு ஒன்றாகப் போனது, இரண்டு காகிதத்தின் ஓரத்துக்கு ஓடியது.

"கைதாண்டா போச்சு" என்றாள் அக்கா.

"கை இல்லை. குண்டு."

"எனக்காகச் சொல்றியா?"

"உனக்காக நான் எப்போ எதைச் சொன்னேன்?"

அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, சரிதான் என்பதுபோலத் தலையாட்டினாள்.

ஈயத்தோடு எத்தேன் என்ற இன்னொரு உலோகத்தைக் கொஞ்சம் சேர்த்தால் அது தண்ணீராக ஓடி அச்சின் மூலையெல்லாம் நிறையும். இது குண்டு வார்க்கும் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் துப்பாக்கிக் கடையில் எத்தேன் கட்டி விற்ற விலைக்கு இறைச்சி வாங்கலாம். சூட்டைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். சமாளிக்க முடியவில்லை.

தகுதிச் சுற்றுக்கு முந்திய வாரம் அது நடந்தது. வேலை முடிந்து காலையில் அக்கா வீட்டுக்குப் போனால் சமையலறையில் ஞானமலர் அக்கா தலையில் கை வைத்து நிற்கிறார். மன்னாரிலிருந்து வந்தவர், அக்கா வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார், ஓட்டல் ஒன்றில் படுக்கை விரிக்கும் வேலை. அடுப்பின் மேல் ஈயச்சொம்பு, அக்கா ரசம் வைக்கும் சொம்பு, பாதியாக நின்றது. கீழ்ப்பாதி உருகி அடுப்புத் தட்டில் வெள்ளைக் குளமாகப் பரவியிருந்தது.

"தம்பி, நான் தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்கத்தான் எடுத்தனான். சட்டியை வைச்சு நெருப்பைப் போட்டிட்டுத் திரும்பினா டெலிபோன் அடிக்குது. வந்து பாத்தா சட்டி இருந்து அழுகுது!"

"வெறும் சொம்பை அடுப்பில் வைக்கக்கூடாது. உள்ளே ரசம் இருந்தால்தான் தாங்கும்."

"அதை ஆர் எனக்குச் சொன்னது? அடுப்பிலை உருகிற சட்டியைச் சமைக்கிறதுக்கெண்டு வைச்சிருக்கிறியள். பாண்டிச்சேரி ஆக்களுக்கு விசரோ?"

எனக்கு வருத்தம் இல்லை. அந்தச் சொம்பு எனக்குப் பிடிக்காது. ஈயம் என்றால் பிரெஞ்சில் பிளோம், நஞ்சு, ரத்தத்தில் சேரும் என்று அக்காவிடம் எத்தனையோ தடவை வாதாடியிருக்கிறேன். அவள் கேட்கவில்லை. அதனால் அவள் வீட்டில் நான் ரசம் குடிப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது.

அக்கா மதியம் வேலையிலிருந்து வந்தாள். ஞானமலர் அக்கா அழத் தயாராக நின்றார். மர்கரீத் பாதிச் சொம்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது அம்மா எனக்குக் குடுத்தது இல்ல. ஆலீசுக்குக் குடுத்தது. நான்தான் பெட்டியில போட்டுக் கொண்டாந்துட்டேன்."

ஆலீஸ் எங்கள் மூத்த அக்கா, மர்சேயில் இருக்கிறாள்.

"அப்ப கள்ளச் சட்டியோ?" ஞானமலர் அக்காவின் முகம் தெளிந்தது. "அதுதான் தங்கேல்லை."

"டேய் ழாக், ஈயந்தானே, எடுத்துக்கோ. உன் வாளியில போடு."

வாளியில் போடவில்லை. சுத்தமான உலோகம், சக்கரத் துண்டுகளின் அழுக்கோடு ஏன் கலக்கவேண்டும் என்று தனியாக உருக்கினேன். குளிர்ந்த அச்சில் முதல் சில குண்டுகள் எப்போதும் சுருங்கித்தான் விழும். இது முதல் வார்ப்பிலேயே கண்ணாடிபோல் விழுந்தது. அடிவிளிம்பு கத்தி. குண்டைச் சுற்றி ஓடும் வளையங்கள் ஒவ்வொன்றும் கடைந்தெடுத்ததுபோல. கரண்டியைச் சாய்க்கும் கோணத்தைச் சென்ற வாரம்தான் மாற்றியிருந்தேன். அதுதான் காரணம் என்று முடிவு செய்து, முற்றத்தில் தனியாக நின்றுகொண்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகு எடை போட்டேன். பன்னிரண்டுக்கு அருகே நிற்கவேண்டியது எட்டு கிராமைக்கூடத் தொடவில்லை.

தராசு கெட்டுவிட்டது என்று பழைய குண்டை வைத்தேன். தராசு சரி. உள்ளே காற்றுக்குமிழ் என்று ஒன்றைக் குறுக்கே வெட்டினேன். குமிழ் இல்லை. அச்சின் மேல் வழிந்து உறைந்த மிச்சத் துண்டு ஒன்று கிடந்தது. எரிச்சலில் அதை எடுத்து வளைத்தேன். அது கறகறவென்று சத்தம் போட்டது.

ஈயம் சத்தம் போடாது. வளைத்தால் அழும் உலோகம் ஒன்றுதான். லிசேயில் வேதியியல் ஆசிரியர் அதை எங்கள் காதருகே வளைத்துக் காட்டியிருக்கிறார். எத்தேனின் அழுகை.

வீட்டில் எங்களுக்கு ஒரே சொல், ஈயம். பள்ளியில் இரண்டு சொல், பிளோம், எத்தேன். வீட்டுச் சொல்லைப் பள்ளிச் சொல்லில் எதன் மேல் வைப்பது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. பிளோமுக்குக் காரீயம், எத்தேனுக்கு வெள்ளீயம் என்று தமிழிலேயே தனித்தனிப் பெயர் இருக்கிறது. யாரும் வீட்டில் அப்படிச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ரசம் வைப்பது வெள்ளீயத்தில். நஞ்சு இல்லை. நான் விலை கட்டுப்படியாகாமல் விட்டுவந்த எத்தேன் அக்காவின் அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதற்குப் பயந்து நான் வெறும் மோர் ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறேன்.

அக்காவிடம் சொன்னேன். அவள் சிரித்து முடிக்க நேரமாயிற்று.

"இந்த வெள்ளக் குண்டையே சுடுறேனே. லேசாத்தானே கேட்டேன்."

"முடியாது. இந்த எடைக்கு எவ்வளவு மருந்து என்று எந்தக் கையேட்டிலும் இல்லை. தெரியாத குண்டுக்குத் தெரிந்த மருந்தைப் போட்டால் துப்பாக்கி பிளக்கும், இல்லாவிட்டால் குண்டு குழாயில் சிக்கும். இரண்டுமே உன் கையில்தான் நடக்கும்."

"சரி, பெரிய புரொபெசர்."

அத்தனை வெள்ளைக் குண்டுகளையும் திரும்ப உருக்கினேன். சக்கர ஈயம் நிறைய, வெள்ளீயம் கொஞ்சம். கலக்கி, மேலே மிதந்த கசடை வழித்து ஊற்றினேன். அச்சு மூலைவரை நிறைந்தது. எடை ஒன்றுக்கொன்று ஒத்துவந்தது. அடி தட்டை. தேன்மெழுகும் கொழுப்பும் சேர்த்துக் குண்டின் வளையப் பள்ளங்களில் பூசினேன். கூட்டுக்கு அடியில் மருந்தைப் பற்றவைக்கும் புது அமோர்ஸ் பதித்து, கையேடு சொல்லும் மிகக் குறைந்த அளவில் மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டை அழுத்தி, வாயை மடித்தேன். ஒவ்வொரு கூட்டையும் மூடுமுன் விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தேன். இரட்டை அளவு மருந்து விழுந்த கூடு ஒன்றுகூட இல்லை.

வியாழக்கிழமை கிளப்பில் சோதித்தோம். முதல் ஐந்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போயின, ஆனால் கறுப்பு வட்டத்துக்கு வெகு கீழே.

"பாத்தியா, கை தொங்குது."

"கை தொங்கவில்லை. லேசான குண்டு, குழாய் மேலே எகிறுவதற்கு முன்பே வெளியே போய்விடுகிறது. அதனால் கீழே அடிக்கும். பின்பக்கக் குறிகாட்டியை உயர்த்து."

அவள் அதன் திருகைத் திருப்பினாள், சுட்டாள், திருப்பினாள், சுட்டாள். பிறகு ரிவால்வரைக் கீழே வைத்து மணிக்கட்டைச் சுழற்றினாள். மறுபடி தோட்டா போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது ஞானமலர் அக்கா வாசலில் சிலுவை போட்டு அனுப்பினார். "வெடிச்சத்தம் கேக்காமல் இருக்கவெண்டு நாங்கள் கடல் தாண்டி வந்தனாங்கள். இந்த மனிசி கிழமைக்குக் கிழமை காசு குடுத்துக் கேக்குது."

தெல்மா நடுவர் மேசையில் இருந்தார். அக்கா நின்ற நிலையை நான் பின்னாலிருந்து பார்த்தேன். ஒற்றைக் கை, உடைந்த கை. உயரம் குறைந்த உடம்பு, கால் அகலம், இடது கை கால்சட்டைப் பையில். ஒவ்வொரு வெடிக்கும் துப்பாக்கி கொஞ்சம் நிமிர்ந்து, உடனே தன் இடத்துக்குத் திரும்பியது. பக்கத்தில் சுட்டவர்களின் கை வெட்டியெறிந்ததுபோல் மேலே போனது. ஒரு சுற்றில் ஒரு குண்டை அவள் அவசரப்பட்டு இழுத்தாள். அது அவள் தவறு, என் குண்டின் தவறு இல்லை. அவளுக்கும் அது தெரியும். அடுத்த சுற்றுக்கு முன் கண்ணை மூடித் திறந்தாள். கடைசிச் சுற்று முழுவதும் விரல்கள் விரியவே இல்லை.

கூட்டிப் பார்த்தார்கள். கேட்ட புள்ளிக்கு மேலே நன்றாகவே இருந்தது. தெல்மா இரண்டாம் முறை கூட்டினார். அப்போதும் இருந்தது.

மிஞ்சிய ஒரு குண்டை அவர் விரலில் எடுத்து அடியைப் பார்த்தார். ஆள் எப்படியோ, துப்பாக்கி தெரிந்தவர். அடியை நகத்தால் தடவினார். "இதை எங்கே வாங்குகிறீர்கள் மதாம்?"

"லா சப்பலில்" என்றாள் அக்கா. "என் தம்பி செய்கிறான்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். முழு இரவு வேலை செய்துவிட்டு வந்த கண் எரிந்தது. ஆனாலும் அன்று அந்தக் கூடத்தில் என்னைவிட உயரமாக யாரும் நின்றிருக்க முடியாது.

வீட்டில் ஞானமலர் அக்கா ரசம் வைத்திருந்தார். லா சப்பலில் அப்போது தமிழ்க் கடை ஒன்றிரண்டுதான். அதில் ஒன்றில் எவர்சில்வர் சட்டி வாங்கி வந்திருந்தார், பிராயச்சித்தமாக. பல வருடத்துக்குப் பிறகு குடித்தேன். சுமார்தான். மறுபடியும் ஊற்றச் சொன்னேன்.

அக்கா கடைசிச் சுற்றின் காகிதத்தை மேசையில் விரித்தாள். ஞானமலர் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். முகம் வாடியது.

"எத்தினை குண்டு சுட்டனீங்கள்?"

"அஞ்சு."

"இதிலை ஒரு ஓட்டைதானே கிடக்கு. மற்ற நாலும் எங்கை போனது?"

மர்கரீத் என்னைப் பார்த்தாள். காகிதத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். நடுவில் ஒரே பெரிய ஓட்டை, ஓரமெல்லாம் பூவிதழ்போல வளைந்து வளைந்து.

"எண்ணிப் பாருங்க" என்றாள்.