கயிறு பார்க்கும் நாய்

ஓட்டோவிலிருந்து இறங்கியதும் அந்த நாய் செய்த முதல் காரியமே விஜயகலாவுக்கு உறுத்தியது. புது இடத்துக்கு வந்த நாய் என்றால் சுவரோரமாய் ஒதுங்கும், மோந்து பார்க்கும், வாலைக் கால்களுக்கிடையே செருகிக்கொண்டு யாரைக் கடிக்கலாம் என்று யோசிக்கும். இது எதுவுமே செய்யவில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வரிசையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது. பிறகு யோகராஜின் செருப்புக்கால் மேல் தாடையை வைத்துப் படுத்து, பெருமூச்சு விட்டது. நெடுநேரம் பஸ்ஸில் நின்று வந்த ஆள் வீட்டுக்கு வந்ததும் விடுவாரே, அந்த மாதிரிப் பெருமூச்சு.

"ரத்தினபுரியில நாய்களப் பாத்துக்கிற ஒரு சிங்கள அம்மா, நோனா, இருக்காங்க. அவங்க ஹோம்லருந்து எடுத்தேன்," என்றான் யோகராஜ். "நான் இல்லாத நேரம் ஒனக்குக் காவலா இருக்கும்ல."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் ஒரு கோழிக்குஞ்சைக்கூட வாங்கி வந்ததில்லை. திடீரென்று ஏன் காவல், அதுவும் குரைக்கவே தெரியாத காவல் என்று விஜயகலா கேட்கவில்லை. கேள்வியை வாய்க்குள் கற்கண்டு மாதிரி ஒதுக்கி வைத்துக்கொள்வது அவளுடைய பழக்கம். கரையும் வரை காத்திருப்பாள்.

அடுத்த காம்பரா வீட்டுப் பிரேமலதாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே அவள் நாயை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன்டி விஜி, இது ஒம் புருசனுக்கு நல்லாத் தெரிஞ்ச நாய் மாதிரி இருக்கே?"

"ஹோம்ல எடுத்தது அக்கா."

"எடுத்தவனுக்கு ஒரே நாள்ல இப்புடிக் காலு நக்குமா? எனக்கென்னமோ பெல்மதுளைப் பக்கம் ஒருத்தி வளத்து, சண்ட போட்டு அனுப்பிவிட்டதுன்னுதான் தோணுது." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். விஜயகலாவும் சிரித்தாள். ஆனால் அன்றைக்குக் குழம்பில் உப்புக் கூடிப்போனது.

யோகராஜ் பெல்மதுளையில் பளீல் நானாவின் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறான். அப்படித்தான் சொல்லிவிட்டுப் போகிறான். அதற்கு முன்னால் மாணிக்கக் குழியில் இறங்கிக்கொண்டிருந்தான். ஓப்பநாயக்கவுக்குக் கீழே வயல்களுக்கு நடுவில் கூரை வேய்ந்த அந்தக் குழிகள் தேயிலை மலை உச்சியிலிருந்து பார்த்தால் கோழிக்கூடுகள் மாதிரித் தெரியும். ஒரு மழைக்காலத்தில் பக்கச் சுவர் சரிந்து அவனை நெஞ்சு வரைக்கும் மூடியது. காறை எலும்பு முறிந்து வந்தவனை விஜயகலா ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மாரியம்மன் கோயிலுக்குத்தான் கூட்டிப்போனாள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, இனிக் குழிக்குள் இறங்க மாட்டேன் என்று சத்தியம் செய்தான். கை பொசுங்கிய வாசனை அவளுக்கு இன்னும் நினைவிருந்தது. அந்த வாசனையை நம்பித்தான் அவள் இரவில் தூங்கினாள்.

ஹோம் நோனா வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார். பாதி சிங்களம், பாதி தமிழ். நாயின் கண்ணை உற்றுப் பார்க்க வேண்டாம், முதலில் கையாலேயே சாப்பாடு கொடுங்க, ஒரே சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லுங்க, அடிக்கவே கூடாது. கடைசியில், "அது எதைப் பார்த்தால் என்ன செய்யுது என்று கவனியுங்க மகள்," என்றார். விஜயகலா கவனிக்க ஆரம்பித்தாள். நோனா சொன்ன அக்கறையில் அல்ல. ஊமைச் சாட்சியை விசாரிக்கும் பொலிஸ்காரர் மாதிரி.

மணி என்று பெயர் வைத்துப் பார்த்தாள், காது அசையவில்லை. பருப்பும் சோறும் பிசைந்து உருண்டை காட்டி "உக்காரு" என்றாள். தெரிந்த பாடத்தை இரண்டாந்தரம் கேட்கிற பிள்ளை போல அலுப்போடு உட்கார்ந்தது. வீட்டுக்குள் கூப்பிட்டால் வரவில்லை. வாசற்படிக்கு வெளியேதான் சாப்பிட்டது. இந்த நாயை யாரோ நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள். ஆனால் வீட்டுக்குள் வைத்துப் பழக்கவில்லை. பிறகு ஒரு சாயங்காலம், பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துவிட்டுத் திரும்பும்போது, யோகராஜ் குனிந்து நாயின் காதுக்குள் "கலுவா, எங்கட கலுவா" என்று கொஞ்சுவதைக் கேட்டாள். நாயின் உடம்பு முழுக்க வாலாகிவிட்ட மாதிரி ஆடியது. கலுவா என்றால் சிங்களத்தில் கறுப்பன். நாயோ செங்கல் நிறம். பார்த்துப் பெயர் வைப்பவன் யாரும் அப்படி வைக்க மாட்டான். வேறு யாரோ வேடிக்கையாக வைத்த பெயரை அவன் கேட்டுத்தான் பழகியிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து அவள் அவனுடைய சட்டைகளைத் துவைப்பதற்கு முன்னால் மோந்து பார்த்தாள். சோப்பு வாசனை, பீடி வாசனை, வேறொன்றுமில்லை. நகக்கண்களில் வெள்ளையாய் ஏதோ அப்பியிருந்தது. கேட்டதற்கு, "சிமெந்து. கடையில மூட்ட எறக்குறோம்ல," என்றான். பளீல் நானாவின் நம்பர் அவளுடைய போனில் இருந்தது. எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். அழைத்தால் தெரிந்துவிடும். தெரிந்துகொள்வது ஒரு கதவு என்றால் அதற்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

நாயைக் கட்டிப்போடக் கொடிக்கயிற்றை அவிழ்த்தபோதுதான் அடுத்தது நடந்தது. தும்புக் கயிற்றைக் கண்டதும் நாய் ஓடவில்லை, பதுங்கவுமில்லை. வந்து விறைப்பாய்ப் படுத்து, அவள் கையை அல்ல, கயிற்றின் தொங்குகிற நுனியையே பார்த்தது. அவள் லேசாக அசைத்தாள். காது நிமிர்ந்தது. நிறுத்தினாள். காது தாழ்ந்தது. விளையாட்டு என்று நினைத்து இன்னொருமுறை வெடுக்கென்று இழுத்தாள். நாய் தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் எழுப்பியது. அது விளையாட்டில்லை என்பது அவளுக்கு உடனே விளங்கியது. எந்தப் பெண்பிள்ளை தன் நாயைக் கயிற்றைப் பார்க்கப் பழக்குவாள்? பிரேமலதா சொன்ன பெல்மதுளைக்காரி அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கொஞ்சம் மங்கலானாள்.

லயத்துக்குப் பின்னால் ராமச்சந்திரன் அண்ணன் கக்கூசுக்குக் குழி வெட்டத் தொடங்கியிருந்தார். ஆள் உயரம் போனதும், நாய் கட்டிய கயிற்றையும் இழுத்துக்கொண்டு அங்கே போய்விட்டது. விஜயகலா போய்ப் பார்த்தபோது குழி விளிம்பில் வயிறு ஒட்டப் படுத்திருந்தது. முன்கால் இரண்டும் குழிக்குள் தொங்கின. கண்கள் உள்ளே.

"தங்கச்சி, இந்த நாய எடு. கங்காணி மாதிரி மேல இருந்து பாக்குது, எனக்கு வேல ஓடல!" என்று உள்ளேயிருந்து கத்தினார் ராமச்சந்திரன்.

அவர் வெட்டிய பக்கத்தில் ஒரு கூடை மண் பொலபொலவென்று சரிந்தது. அவருக்கு அது ஒன்றுமேயில்லை. முழங்கால் வரைகூட வரவில்லை. ஆனால் வந்த நாளிலிருந்து குரைக்காத நாய் குரைத்தது. குரைத்துக்கொண்டே விளிம்பில் அவர் அவிழ்த்துப் போட்டிருந்த சாரத்தை வாயில் கவ்விப் பின்னால் பின்னால் இழுத்தது, அதன் மறுநுனியில் ஆள் இருக்கிறார் என்பது போல. ராமச்சந்திரன் சிரித்துக்கொண்டே மேலே ஏறி வந்தார். நாய் அவர் காலை மோந்தது, வாயிலிருந்த சாரத்தை விட்டது, எழுந்து போய் நிழலில் படுத்துக்கொண்டது. அவ்வளவுதான். குழியை அதன்பிறகு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்து வந்த நாட்களில் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்ததும் விஜயகலா நாயை அவிழ்த்துவிட்டு அங்கேதான் போய் நின்றாள். ராமச்சந்திரன் தேத்தண்ணி குடிக்க மேலே வந்தால் நாய் அந்தப் பக்கமே போகாது. அவர் இறங்கினால் எங்கிருந்தாலும் வந்து விளிம்பில் படுக்கும். வெறும் குழி அதற்கு வெறும் குழிதான். உள்ளே ஆள் இருந்தால் மட்டுமே அதற்கு வேலை. வெயிலில் நின்றபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் கீழே வயல் நடுவில் மாணிக்கக் குழிகள் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அன்றைக்கு யோகராஜ் சாப்பிட்டு முடிக்கும் வரை பொறுத்தாள்.

"இந்த நாயோட ஆளு யாருங்க?"

"ஹோம்ல குடுத்தாங்கன்னு சொன்னேன்ல."

"ஹோமுக்கு முன்னாடி?"

அவன் தட்டில் தண்ணீர் ஊற்றிக் கையை மெதுவாகக் கழுவினான். கழுவிய கையையே மறுபடி கழுவினான்.

"லயனல்னு ஒருத்தன்."

"அவரு இப்ப எங்க?"

"மண்ணு எறங்கிருச்சு விஜி." வாசலுக்கு வெளியே நாய் தலையைத் தூக்கியது. "குழிய மூடுன பொறகும் இது அங்கயே கெடந்துச்சு. சகுனம் சரியில்லன்னு மொதலாளி ஆள் வச்சு ஹோமுக்குக் குடுத்துட்டாரு. எனக்கு மனசு கேக்கல."

"அப்ப பளீல் நானா கட?"

"விட்டு ரொம்ப நாளாச்சு."

"லயனல் உள்ள இருந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"மேல. கயித்துல. கீழருந்து ஒரு தரம் ஆட்டுனா இழுக்கணும்." இப்போதுதான் அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "நான் சூடம் அடிச்சது உள்ள எறங்க மாட்டேன்னுதான். எறங்கல. மேல நின்னு கயிறு இழுக்கிறது எறங்குறதுல சேராது. இப்ப பக்கத்துல புதுக் குழி. அங்கயும் மேலதான்."

"மாரியம்மாகிட்டயே வக்கீலு மாதிரி பேசுறீங்க."

அவன் சிரிக்கப் பார்த்தான். பிரேமலதாவின் பெல்மதுளைக்காரி எங்கேயோ காற்றில் கரைந்துபோனாள். விஜயகலாவுக்கு அதில் ஒரு நொடி சந்தோஷம்கூட வந்தது. வந்த வேகத்திலேயே வெட்கமாகவும் இருந்தது. ஒருத்தி என்றால் தலைமயிரைப் பிடித்துச் சண்டை போடலாம். மண்ணோடு என்ன சண்டை போடுவது? தட்டை எடுக்கக் குனிந்தபோது அவனுடைய காதுக்குப் பின்னால், மயிர் தொடங்கும் இடத்தில், காய்ந்த வெள்ளைக் களிமண் ஒரு கோடாய் ஒட்டியிருப்பதைக் கண்டாள். மேலே நிற்பவனுக்குக் காலில் சேறு படும், கையில் படும். காதுக்குப் பின்னால் எப்படி வரும்?

"கூடையத் தூக்கிக் கொட்டும்போது ஒழுகும்," என்றான் அவள் கேட்காமலே.

ஒழுகலாம்தான். ஒழுகாமலும் இருக்கலாம். அவள் ஈரத்துணியால் அந்தக் கோட்டைத் துடைத்துவிட்டாள்.

காலையில் அவன் வழக்கம்போல நாயைக் கட்டிவிட்டுத்தான் புறப்பட்டான். பின்னாலேயே வந்துவிடும் என்பதற்காகக் கட்டுவது. இப்போது ஒளிக்க எதுவும் இல்லாததால் பஸ் ரோட்டுப் பக்கம் போவதாய்ப் பாசாங்கு செய்யாமல் வயல் குறுக்குப்பாதையிலேயே இறங்கினான். விஜயகலா மலைக்குப் போகவில்லை. கொழுந்துக்கூடையை மூலையில் வைத்துவிட்டு வெயில் ஏறும் வரை வாசலில் உட்கார்ந்திருந்தாள். குழிக்காரர்கள் பெண்களைப் பக்கத்தில் விட மாட்டார்கள். பொம்பளை காலடி பட்டால் மாணிக்கக் கல் மறைந்துவிடும், மண்ணுக்குள் கல்லைக் காக்கிற பஹிரவன் கோபித்துக்கொள்வான் என்பார்கள். யோகராஜ் இறங்கிக்கொண்டிருந்த காலத்தில் சோறு கொண்டுபோனால்கூட வயல் வரப்பிலேயே வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். அவளும் அதை நம்பியவள்தான். அவன் கேட்டுக்கொண்டதற்காக அந்த நாட்களில் வீட்டில் மீன்கூடச் சமைத்ததில்லை.

அவள் எழுந்து கயிற்றை அவிழ்த்தாள். "கலுவா," என்றாள். அந்தப் பெயரை அவள் சொல்வது அதுதான் முதல்தடவை. "போ."

நாய் திரும்பிப் பார்த்துப் பார்த்து நடந்தது. அவள் பின்தங்கினால் நின்றது. தேயிலை முடிந்து, இறப்பர் முடிந்து, தண்ணீர் நிற்கிற வயலுக்கு வந்தார்கள். பம்ப் மோட்டார் சத்தம் கேட்டது. முதலில், மூடிவிட்ட பழைய குழியின் மண்மேடு. மேலே நட்ட வாழைக்கன்று ஒன்று காற்றில் கிழிந்துகிடந்தது. நாய் அதைச் சுற்றி ஒருமுறை வந்தது, மூக்கை மண்ணில் அழுத்தியது. அங்கே படுக்கவில்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அது புதுக்குழியின் கூரையை நோக்கி ஓடியது.

கூரைக் கம்பங்களில் தென்னங்குருத்துத் தோரணம் கட்டியிருந்தது. கயிறு சுற்றும் கட்டையில் தலைப்பாகை கட்டிய இரண்டு பேர் கை வைத்திருந்தார்கள். இரண்டு பேரும் யோகராஜ் இல்லை. அவர்களில் மூத்தவர் அவளைக் கண்டதும் பதறிப்போய், "அங்கேயே நில்லு தங்கச்சி, இங்க பொம்பளைங்க வரக்கூடாது!" என்று சிங்களத்தில் கத்தினார்.

"யோகராஜ் எங்க?" அவளும் சிங்களத்திலேயே கேட்டாள்.

அந்த ஆளின் கண் ஒரு கணம் கீழே போய், உடனே தூரத்துக் காட்டுக்குத் திரும்பியது. "குழிச் சுவருக்கு அடைக்கக் காட்டுல பன்னச்செடி வெட்டப் போயிருக்கான். வர நேரமாகும். நீ வீட்டுக்குப் போ."

நாய் அவர்களுடைய கால்களுக்கிடையே நுழைந்து போனது. விளிம்புக்கு வந்ததும் வயிறு ஒட்டப் படுத்தது. முன்கால் இரண்டையும் குழிக்குள் தொங்கவிட்டு, காதை நிமிர்த்தி, கயிற்றைப் பார்த்தது.

விஜயகலா தோரணத்தைத் தாண்டினாள். யாரோ ஐயோ என்றார்கள், மோட்டாரை நிறுத்து என்றார்கள். அவள் செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டு, நாயின் பக்கத்தில், ஈர மண்ணில் சேலை நனைய உட்கார்ந்தாள். மோட்டார் அடங்கியது. கீழே இருட்டுக்குள் தண்ணீர் சொட்டுகிற சத்தமும், மூச்சு வாங்குகிற மாதிரி ஏதோ ஒன்றும் கேட்டன. அவள் கூப்பிடவில்லை. நாயின் முதுகில் கையை வைத்திருந்தாள்.

கயிறு ஒருமுறை அசைந்தது. நாயின் காது நிமிர்ந்தது. பிறகு கயிறு மெல்ல, மெல்ல இறுகத் தொடங்கியது.