பெட்டிக்குள் ஆப்பிள்

புழுவின் குடலுக்குள் பாக்டீரியா தேடுவதுதான் மருமகளின் வேலை. விருந்துக்குப் போன இடத்தில் இதைச் சொன்னால் பக்கத்து நாற்காலி காலியாகிவிடும்.

அது தெர்மோகோல் தின்னும் புழு. தெர்மோகோலை மட்டும் போட்டு வளர்த்தால், குடலில் பிளாஸ்டிக்கைச் செரிக்கும் பாக்டீரியாவாகப் பெருகும் என்பது கணக்கு. ஆய்வுக்கூடத்து ஏசி படுத்துவிட்டதால், பெட்டியைக் கொண்டுவந்து வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் வைத்திருந்தாள்.

பகல் முழுக்க அந்த மேசையில் இருப்பவர் மாமனார் ஒருவர்தான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாமியார் போய்ச் சேர்ந்ததிலிருந்து ஆள் இளைத்துக்கொண்டே வந்தார். சட்டை அவரைப் போட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது. காலையில் அவள் ஆப்பிளை நறுக்கி, மதியச் சாப்பாட்டோடு மூடி வைத்துவிட்டு, பாதிச் செருப்பு மாட்டியபடியே ஓடுவாள். கணவன் அவளுக்கு முன்பே ஓடியிருப்பான். மாலையில் வந்து பார்த்தால் தட்டு காலி. எல்லாச் சோதனையும் செய்து பார்த்து டாக்டர் கையை விரித்துவிட்டார்.

புழுக்கள் மட்டும் கொழுகொழுவென்று வளர்ந்தன. வெறும் தெர்மோகோலில் எந்தப் புழுவும் இப்படிக் கொழுக்காது. அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் இருப்பவளுக்கு எங்கே வரும்? ஏனென்றால், அந்தக் குடலில் கிடைத்த ஒரு பாக்டீரியாவின் மரபணு, இதுவரை பதிவான எதோடும் பொருந்தவில்லை. புத்தம் புதுசு. நாலு வருட உழைப்பு.

உறுதி செய்துகொள்ளக் குடலில் இருந்த மொத்தத்தையும் சோதனைக்கு அனுப்பினார்கள். செடிகளுக்குள் இருக்கும் பசுங்கணிகம் ஆதியில் பாக்டீரியாவாக இருந்ததுதான் என்பதால், அதுவும் அந்தச் சோதனையில் பாக்டீரியா வரிசையிலேயே வந்து தலைகாட்டும். அறிக்கையில் புது பாக்டீரியா இருந்தது. கூடவே ஆப்பிளும் இருந்தது.

"பெட்டிக்குள்ள ஆப்பிள் எப்படிம்மா போச்சு?" என்றார் பேராசிரியர். "உன் பாக்டீரியா புழுவோடதா, ஆப்பிளோட வந்ததா? இப்ப எதை நம்புறது?"

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் பெட்டியைத் திறந்து தெர்மோகோலைத் தூக்கினாள். அடியில் சுருண்ட தோல் துணுக்குகள்.

"மாமா, இதுல ஆப்பிள் போட்டீங்களா?"

"ஆமாம்மா."

"எவ்வளவு போட்டீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "தட்டுல இருக்கிறதெல்லாம்."

திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். கையில் இருந்த மூடியை மெல்லக் கீழே வைத்தாள். 

"எல்லாமா?"

"பாவம், வெறும் தெர்மோகோலைக் கடிச்சிக்கிட்டுக் கெடக்குதுங்க. துண்டு போட்டா சுத்தி வந்து மொய்க்குது, பாக்க நல்லாருக்கு. எனக்கு ஒத்தையா உக்காந்தா எறங்க மாட்டேங்குதும்மா."

"மதியச் சாப்பாடு?"

அவர் ஜன்னலுக்கு வெளியே, காக்கைகள் உட்கார்ந்திருந்த மதிலைக் கைகாட்டினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். புழு ஒரு பொட்டு எடை கூடினாலும் குறித்து வைக்கிறவள், எதிரில் இருந்த மனிதரைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தே திருப்திப்பட்டிருக்கிறாள். அந்த வெட்கம் தாங்க முடியவில்லை.

மறுநாள் பேராசிரியரிடம் உள்ளதைச் சொன்னாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவளுக்குத் தெரியாது. ஏசி சரியானதும் பெட்டியை ஆய்வுக்கூடத்துக்கே கொண்டுபோய், புதுப் புழுக்களோடு மூன்று பெட்டி வைத்தார்கள். தெர்மோகோல் மட்டும் ஒன்றில், ஆப்பிள் மட்டும் ஒன்றில், மூன்றாவதில் இரண்டும். முடிவு வரும்வரை அவளுக்குத் தூக்கமே இல்லை. ஆப்பிள் பெட்டியில் அந்தப் பாக்டீரியா இல்லை. தெர்மோகோல் பெட்டியில் கொஞ்சம் இருந்தது. இரண்டும் போட்ட பெட்டியில் பெருகிக் கிடந்தது, தெர்மோகோலும் அதில்தான் வேகமாகக் கரைந்திருந்தது. பாக்டீரியா புழுவினுடையதேதான்.

முடிவு வந்த மறுநாள் காலையில் அதை மாமனாரிடம் சொன்னாள்.

"அப்ப நான் போட்டது தப்பில்லையா?"

"அதுங்களுக்குத் தப்பில்ல மாமா."

ஆப்பிளை நறுக்கி மேசையில் வைத்தாள். செருப்பை மாட்டாமல் எதிரே உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள்.

"வேலைக்கு நேரமாகலையா?"

"இனிமே லேட்டாத்தான் வருவேன்னு சொல்லிட்டேன்."

அவர் ஒரு துண்டு தின்றார். இன்னொன்று தின்றார். மூன்றாவதை எடுத்த கை, பழக்கத்தில், பெட்டி இருந்த மூலைக்குப் போனது. அங்கே பெட்டி இல்லை. கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு துண்டை அவளிடம் நீட்டினார்.

"இத நீ தின்னு. தட்டுல இருக்கிறத நான் திங்கிறேன்."