சுரைக்காய் சொன்ன அபிப்பிராயம்

செண்பகம் காலனியில் தை கடைசியில் கொடி காய்ந்ததும், விதைக்கென்று பறிக்காமல் விட்ட சுரைக்காய் தானே இறங்கி, காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் வந்து, அந்தப் பருவத்தைப் பற்றித் தன் அபிப்பிராயத்தைச் சொல்லும். காலை எப்படிக் கழுவுகிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அது மரியாதை இல்லை. அபிப்பிராயம் நல்லபடியாக இருந்தால் விதை தரும். இல்லாவிட்டால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் பஸ் ஏறிவிடும். போன வருஷம் எதிர்வீட்டுச் சுரைக்காய் அப்படித்தான் தென்காசி பஸ்ஸில் போனது. அதற்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது என்பதில் எதிர்வீட்டாருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

சர்வேயராக இருந்து ஓய்வு பெற்ற சிவசைலத்துக்கு அந்தப் பயமே இல்லை. ஆடியில் விதை ஊன்றியது முதல் அவர் செடிகளைத் தனியே விட்டதில்லை. மீன் கரைசல், மோர்க் கரைசல், முட்டைக் கரைசல் என்று போனில் பார்த்ததையெல்லாம் கரைத்தார். கரையாததையும் கரைத்தார். தினமும் படம் பிடித்துக் காலனித் தோட்டக்காரர்கள் குழுவில் போட்டார். வீட்டுக்குக் காய் மார்க்கெட்டிலிருந்துதான் வந்தது. அதை அவர் படம் பிடிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் புடலங்காயைக் கொத்துக் கொத்தாய்த் தொங்கவிட்டிருந்த ஜெபமணி டீச்சரிடம், "எப்படி வளக்கணும்னு சொல்லித் தாறேன் டீச்சர்" என்று பெரிய மனசோடு சொல்லியிருந்தார்.

அவர் தோட்டத்துச் சுரை, மனைவி கோமதியின் பிறந்த வீட்டு வித்து. அங்கே எல்லாம் பிளாட் போட்டாகிவிட்டது. இந்தக் காய் விதை தராமல் போனால் அந்த ருசி அத்தோடு சரி. சிவசைலமோ குழு முழுவதற்கும் விதை தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

"ஏங்க, சுரைக்கா வந்துட்டு. சட்டையப் போட்டுட்டு வாங்க" என்றாள் கோமதி.

சுரைக்காய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. "நெசத்தைச் சொல்லணுமா அண்ணாச்சி, இல்ல மரியாதைக்குச் சொல்லணுமா?" என்று கேட்டது. இந்தக் கேள்விக்குக் காலனியில் எல்லாரும் "ஒங்க இஷ்டம்" என்றுதான் சொல்வார்கள். சிவசைலம் சிரித்துக்கொண்டே, "நெசத்தையே சொல்லுங்க" என்றார்.

"வேர் பிடிச்சுதான்னு தோண்டித் தோண்டிப் பாத்தீய. மீன் தண்ணி ஊத்துன அன்னைக்குத் தெருப் பூனையெல்லாம் என் கால்மாட்டுலதான் கெடந்துச்சு. மொதப் பிஞ்சை அப்படித் திருப்பி இப்படித் திருப்பிப் போட்டோ எடுத்தீய, அது வெக்கத்துலயே வெம்பிப் போச்சு. அரிசி கழுவுன தண்ணிய கோமதி மைனி ஊத்துனாவ. நான் பொழச்சது அதுல."

சிவசைலம் நிஜமாகவே புண்பட்டார். "என் மேல வேற என்ன கொற?" என்றார்.

சுரைக்காய் எழுந்து வந்து, முற்றிவிட்டதா என்று பார்ப்பதுபோல அவர் வயிற்றில் தட்டிப் பார்த்தது. கண் ரப்பையைப் புரட்டியும் பார்த்தது. பிறகு கோமதியிடம் சொன்னது:

"அண்ணாச்சிக்கு நோய் ஒண்ணும் இல்ல மைனி. ஊட்டம் கூடிப் போச்சு. இலையாத் தழைக்காவ, காய்க்க மாட்டேங்காவ. எடம் மாத்தி நட்டாச் சரியாப் போவும். நட்டுட்டு வாங்க, விதையத் தாறேன்."

"எங்க நட?"

"டீச்சர் வீட்டுல. அரை நெழலு, நல்ல மண்ணு."

சிவசைலம் கோமதியைப் பார்த்தார். அவள் வெளியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வெயில் தாழட்டும். இப்ப மாத்தினா வாடிருவாவ" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் தன்மேல் இவ்வளவு அக்கறை காட்டியதில்லை என்று அவருக்குத் தோன்றியது.

சாயங்காலம் காலடி மண்ணோடு பெயர்த்து, ஈரச்சாக்கைச் சுற்றி, தோட்டக்காரர்கள் குழுவினர் அவரைத் தூக்கிப் போனார்கள். டீச்சர் குழி வெட்டி வைத்திருந்தாள். முழங்கால் வரை மண் அணைத்த பிறகு சிவசைலம் போனைக் கேட்டார்.

"அதெல்லாம் ஊட்டம். இப்பக் கூடாது" என்றாள் கோமதி. அவளுக்கும் மனசு கேட்கவில்லை. ஒரு செம்புத் தண்ணீர் கூடுதலாக ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போனாள். சுரைக்காய் சொன்ன சொல் தவறாமல் விதை முழுவதையும் அவள் முந்தானையில் கொட்டிவிட்டு, உடம்பு லேசாகிவிட்டது என்று சொல்லி நடந்தே கிளம்பியது.

மறுநாள் காலையில் கோமதி சுவர் வழியாகப் பார்த்தாள். "தலை தொங்குதே டீச்சர்."

"புது மண்ணுல்லா அக்கா. பிடிச்சிக்கிடுவாங்க."

டீச்சர் மோரை எந்தப் பதத்தில் புளிக்க வைக்க வேண்டும் என்று சொல்லத்தான் சிவசைலம் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அதற்குப் பதிலாக அக்குளில் குறுகுறுத்தது. இளம்பச்சையாக ஒரு சுருள்கொடி வெளியே வந்து, காற்றில் துழாவி, சுவர் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த கோமதியை நோக்கி நீண்டது.

டீச்சர் அதை ஒடியாமல் வளைத்து, வாழைநாரால் தன் பந்தல்காலில் கட்டினாள்.

"இந்தப் பக்கம் ஏறுங்க சார்" என்றாள்.

சிவசைலம் அந்தப் பக்கமே ஏறினார்.